சட்டம் சொல்வதும் லயம் சொல்வதும்

மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 22 வயது. பிறந்ததிலிருந்தே வலது கையும் காலும் இழுப்பு, பேச்சும் கொஞ்சம் இழுக்கும். ஏ.எல். மூன்று பாடமும் பாஸ். டவுனில் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறான். முதலாளி சான்றிதழை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு எதுக்கு தம்பி வேலை, கவர்மெண்ட்ல காசு தர்றாங்கதானே" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். போன மாதம் இந்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) தம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு பேச்சே இல்லை. "இதற்கெல்லாம் சட்டம் ஏதும் இருக்கிறதா ஐயா, இல்லை நாங்கள்தான் பொறுத்துப் போகவேண்டுமா?" என்பது கேள்வி.

மகள், சட்டம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம். அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே வந்தது, உங்கள் தம்பி பிறப்பதற்கு முன்பே வந்தது. அதன் 23-ஆம் பிரிவில் இரண்டு விஷயம் இருக்கிறது. அங்கவீனத்தைக் காரணமாக வைத்து ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதிலோ கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலோ பாரபட்சம் காட்டக் கூடாது. மற்ற சனங்கள் போய்வரும் கட்டடத்துக்கும் இடத்துக்கும் அவர் போவதற்குத் தடையோ நிபந்தனையோ போடக் கூடாது. அரசாங்க ஆபீஸ், தனியார் கடை என்று அந்தப் பிரிவு பிரித்துப் பேசவில்லை. ஆகவே அந்த முதலாளி டீ வாங்கிக் கொடுத்திருந்தாலும் செய்தது சட்டத்துக்கு மாறான காரியம்தான். அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். தம்பியே போடலாம், அவனுக்காக அங்கவீனமுற்ற ஆட்களுக்கான தேசிய பேரவையும் போடலாம்.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். நுவரெலியா மாவட்டத்தில் சமூக சேவை உத்தியோகத்தராக முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேல் நீதிமன்றப் படியேறிய தோட்டத்துக்காரர் ஒருவரைக்கூட அத்தனை வருஷத்தில் நான் சந்தித்ததில்லை.

சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, அது ஒரு காரணம். வேலைக்குச் சேர்ப்பதைப் பற்றிப் பேசும் 23-ஆம் பிரிவு, சேர்த்த பிறகு நடப்பதைப் பற்றிப் பேசவில்லை. பதவி உயர்வு தராமல் வைத்திருந்தால்? மேசையின் உயரத்தை மாற்றித் தர மறுத்தால்? அதற்கு அங்கே பதில் இல்லை. அரசியலமைப்பைப் பார்த்தால், 12-ஆம் உறுப்புரையின் முதல் பந்தி எல்லா ஆட்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. ஆனால் எந்தெந்தக் காரணத்துக்காகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று இரண்டாவது பந்தி அடுக்கும்போது இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று போகிறது. அங்கவீனம் அந்தப் பட்டியலில் இல்லை. நாலாவது பந்தியில்தான், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கவீனர்களுக்கும் விசேட ஏற்பாடு செய்யலாம் என்று வருகிறது. செய்யலாம், அவ்வளவுதான். அதுவுமில்லாமல் அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கத்தின் நடவடிக்கைக்கு எதிராகத்தான் போடலாம். டவுன் கடை முதலாளிமேல் போட முடியாது. 1992-இல் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்த பிறகு தோட்ட நிர்வாகத்துக்கு எதிராகவும் அந்த வழியில் போவது கஷ்டம்.

அரசாங்க வேலை என்றால் இன்னொரு ஏற்பாடு உண்டு. 1988-இல் வந்த 27/88 சுற்றறிக்கை, அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை அங்கவீனமுற்றவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது சட்டம் இல்லை, சுற்றறிக்கை. அதிலேயே ஒரு வால் இருக்கிறது. தேவையான தகைமை இருக்க வேண்டும், அங்கவீனம் கடமைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பது அந்த வால். தடையா இல்லையா என்று யார் முடிவு செய்வது? நேர்முகப் பரீட்சை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான்.

ஆனாலும் ஓட்டையால்தான் யாரும் போகவில்லை என்று சொன்னால் அது பொய். ஹட்டனுக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் பேரு, அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், வக்கீல் காசு யாரிடம் இருக்கிறது, வந்த கடிதம் சிங்களத்தில் இருக்கிறது, இதெல்லாம் உண்மை. இவற்றுக்கும் கீழே ஒன்று கிடக்கிறது. அவமானப்பட்ட குடும்பமே தனக்கு அநியாயம் நடந்ததாக நினைப்பதில்லை. "முதலாளி நல்ல மனுசன் ஐயா, பாவம் பார்த்துத்தான் சொன்னாரு" என்பார்கள். உங்கள் கேள்வியிலும் அந்த டீ வந்துவிட்டது, கவனித்தீர்களா?

நம் மொழியில் இந்த 'பாவம்' என்ற சொல்லை எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரக்கப்படுவதற்கும் அதே சொல். முன் ஜென்மத்தில் செய்ததற்கும் அதே சொல். "பாவம், இந்தப் பிள்ளை" என்று ஒரு கிழவி சொல்லும்போது அவள் எதைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் சூம்பிப்போனது. (அந்த நோய் இலங்கையில் கடைசியாக ஒருவருக்கு வந்தது 1993-இல். என் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் என்னைப் போல இரண்டு பேராவது இருந்தோம்.) கோயில் திருவிழாவில் என்னைப் பார்த்து எத்தனை பேர் அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று கணக்கில்லை. சொல்லிவிட்டுக் கையில் ஒரு வாழைப்பழமும் தருவார்கள். பழத்தை நான் சாப்பிட்டுவிடுவேன். அம்மா மட்டும் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச மாட்டாள், ஏனென்றால் அந்த 'பாவம்' அவளுக்கும் சேர்த்துத்தான். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாளாம். என் நோய் மூன்று வயதில் வந்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். 'நொண்டி', 'செவிடன்', 'லூசு' என்று கூப்பிடுகிறவனோடு சண்டை போடலாம், நான் போட்டிருக்கிறேன். பழம் தருகிறவரை என்ன செய்வது?

இந்த இரக்கத்திலும் தரம் பிரிப்பு உண்டு. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோலரில் கை சிக்கி விரல் போனவரைச் சனங்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், பிறவியிலேயே விரல் இல்லாதவரை வேறுமாதிரிப் பார்ப்பார்கள். முதலாமவருக்கு வந்தது கண்டம், கெட்ட நேரம். இரண்டாமவருக்கு வந்தது வினை. முதலாமவருக்கு 1934-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டமும் இருக்கிறது, எந்த உறுப்பு போனால் எத்தனை வீதம் என்று அதில் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். அவருக்கு லேசான வேலை தரச் சொல்லிச் சங்கமும் பேசும். பிறவியில் வந்தவருக்காக, காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

இங்கேதான் மலையகத்துக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இதைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். தோட்டத்தில் ஒரு ஆளை அளக்கும் அளவுகோல் பேரு. காலையில் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் விழுந்து, சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேரு. எடுக்காவிட்டால் அரைப்பேரு. நாலு தலைமுறை இந்தக் கணக்கிலேயே பிறந்து வளர்ந்தால், சம்பளக் கணக்கு எது, மனுசக் கணக்கு எது என்ற வித்தியாசம் அழிந்துவிடுகிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு கை வளராத ஒருவர் இருந்தார். ஒரே கையால் கொழுந்து எடுப்பார், நல்ல நாளில் பதினொரு கிலோ வரும். அவருக்கு அப்பா வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாருக்கும் அவர் 'அரைப்பேரு'. கூப்பிட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவரோடு ஒரே பீங்கானில் சாப்பிட்டவர்கள்தான்.

அரைப்பேருக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. மலைக்கே போக முடியாதவருக்குச் செக்ரோலில் இடமே இல்லை. லயத்துக் காம்பராகூட, அந்த ஒற்றை அறை வீடுகூட, வேலை செய்கிற ஆளுக்காகக் கொடுத்ததுதான். வீட்டில் யாரும் தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் அந்தக் காம்பராவில் தொடர்ந்து இருப்பதே ஒரு பயம். அப்படியான இடத்தில் வேலை செய்ய முடியாத பிள்ளை பிறந்தால், அது அடுத்த தலைமுறைக்குக் காம்பராவைக் காப்பாற்றித் தராத பிள்ளை என்று பெற்றோருக்கே ஒரு கணக்கு உள்ளுக்குள் ஓடும். வெளியே சொல்ல மாட்டார்கள். பையனை ஏழு வயதில் பாடசாலைக்கு அனுப்பாமல் விட்டதற்கு என்ன காரணம் என்று கேட்டால், "தூரம் ஐயா, படி ஐயா" என்பார்கள். தூரமும் படியும் உண்மைதான். அதே தூரத்தை அவனுடைய தங்கை நடந்துதான் போகிறாள் என்பதும் உண்மை.

2012 குடிசன மதிப்பீட்டில், 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம் பேருக்குப் பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்ற ஏதோ ஒன்றில் கஷ்டம் இருப்பதாகப் பதிவானது. நாடு முழுக்க 16 லட்சத்துக்கு மேல். வயசானவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவார்கள். அந்த வீதத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் இருபது காம்பரா லயத்தில், எண்பது பேர் இருக்கும் இடத்தில், ஆறேழு பேர் இருக்க வேண்டும். உங்கள் லயத்தில் எண்ணிப் பாருங்கள், இரண்டு பேர்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். மீதிப் பேரைப் பார்க்க, விருந்தாளி வந்தால் சாத்தப்படும் உள் காம்பராவின் கதவைத் தட்ட வேண்டும். என் வேலையில் பாதி அந்தக் கதவைத் தட்டுவதுதான்.

அந்த வீடுகளில் நான் அடிக்கடி பார்த்த பொருள், புத்தம் புதுச் சக்கர நாற்காலி. தேர்தல் காலத்திலும், டிசம்பர் 3-ஆம் திகதி சர்வதேச தினத்திலும் நிறையக் கொடுப்பார்கள். மேடை, மாலை, போட்டோ எல்லாம் இருக்கும். கொடுப்பவர்கள் மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடுவதற்குச் செய்த நாற்காலி. முன் சக்கரம் உள்ளங்கை அகலம். நம் லயத்து வாசலில் இறங்கினால் ஒன்றரை அடிக் கல்படி, அதற்குப் பிறகு சரளைக்கல், அதற்குப் பிறகு கான், கானுக்கு அந்தப் பக்கம் இறக்கத்தில் கக்கூஸ். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் கட்டிலும் அடுப்பும் போக அது திரும்பக்கூட இடம் கிடையாது. ஒரு வீட்டில் அதன் மேல் விறகு அடுக்கியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் பீலியிலிருந்து தண்ணீர்க் கேன் ஏற்றி வருவதற்கு வைத்திருந்தார்கள். அதில் உட்கார வேண்டிய பெண், உள்ளே பாயில் படுத்திருந்தாள். படியை இடித்துச் சரிவாகப் பூசுவதற்கு ஒரு நாள் வேலையும் சில மூட்டை சீமெந்தும் போதும். ஆனால் அந்தச் சரிவுக்கு மாலை போட முடியாது.

பொதுக் கட்டடங்களுக்கு இதைப் பற்றிச் சட்டமே உண்டு. 2006 அக்டோபரில் அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பிறகு கலாநிதி அஜித் பெரேரா, அவரே சக்கர நாற்காலியில் இருந்தவர், உயர் நீதிமன்றம் வரை போனார். 2011 ஏப்ரல் 27-ஆம் திகதி, புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் இந்த வசதிகள் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. நான் வேலை செய்த ஒரு அலுவலகத்தில் அங்கவீனர்களுக்கான பிரிவு மாடியில் இருந்தது. அந்தப் பிரிவின் பெயர்ப்பலகையை என் காலத்திலேயே பல தடவை மாற்றினார்கள். அங்கவீனர் என்றிருந்தது வலுவிழந்தோர் ஆகி, விசேட தேவையுடையோர் ஆகி, கடைசியில் தமிழ்நாட்டுச் சொல்லான மாற்றுத்திறனாளி ஆகியது. மாடிப்படி மட்டும் மாறவில்லை. எந்தச் சொல் சரி என்று இப்போதும் சண்டை நடக்கிறது. எனக்கு எதுவும் பரவாயில்லை, கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டால்.

காது கேளாத பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். அதற்குக் காரணம் மொழி. இரத்மலானையில் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலை 1912-இலேயே வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1956-இல் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை. கைதடி இருப்பது யாழ்ப்பாணத்தில். பொகவந்தலாவையில் இருக்கிற ஒரு தாய் ஆறு வயதுக் குழந்தையை அவ்வளவு தூரத்தில் விடுதியில் விட்டு வருவாளா? சிலர் விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் சைகை மொழி கற்று, எழுதப் படித்து, லீவுக்கு வீட்டுக்கு வரும்போது அம்மாவோடு பேச முடியாது, ஏனென்றால் அம்மாவுக்கு அந்தச் சைகை தெரியாது. விடாதவர்களின் பிள்ளைகள், வீட்டுக்குள் பழகிக்கொண்ட பத்து முப்பது சைகையோடு பெரியவர்களாகி, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனார்கள். அங்கே ஒன்று நடந்தால் பொலிஸில் போய் எந்த மொழியில் சொல்வது? 2014-இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்ததற்குப் பிறகு நம் பக்கத்திலும் மழைக்காலத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போகிறார்கள். அந்த லயத்தில் காது கேளாதவர் எந்தக் காம்பராவில் இருக்கிறார் என்று ஒரு பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா என்று நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் போனதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. ஆனால் அவர்கள் பயந்தது எதற்கென்று தெரியும், உங்களுக்குப் பிறக்கும் பிள்ளையும் அப்படி இருக்குமோ என்று. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தம்பிக்கு இருப்பது பெருமூளை வாதமாக இருக்கலாம். பிரசவத்துக்கு முன்போ பிரசவத்தின்போதோ அதற்குக் கொஞ்சம் பிறகோ மூளையில் ஏற்படும் பாதிப்பு அது. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. நான் டொக்டர் இல்லை, ஆகவே தம்பியின் கிளினிக் கொப்பியோடு ஒரு நரம்பியல் டொக்டரிடமோ பிள்ளை டொக்டரிடமோ போய் உங்களுக்காகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வரன் வீட்டாருக்குச் சொல்வதற்காக வேண்டாம். இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை யாராவது வருகிறார்கள் என்றால் தம்பியை உள்ளே இருக்கச் சொல்லலாம் என்று வீட்டில் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அதை மட்டும் செய்யாதீர்கள். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பக்கத்து லயத்துக்கு அனுப்பினார்கள். கல்யாணம் நடந்தது. அத்தான் நல்லவர், பின்னால் எனக்கு எவ்வளவோ செய்தார். ஆனாலும் அந்தப் பகல் முழுக்க இன்னொருவர் ஸ்தோப்பில் உட்கார்ந்து எங்கள் வாசலில் ஆட்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அறுபத்து மூன்று வயதிலும் ஞாபகம் இருக்கிறது.

வேலை விஷயத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கவர்மெண்ட் காசு தருகிறதே என்றாரே அந்த முதலாளி, அதை முதலில் பார்ப்போம். அங்கவீனர் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் மாதம் 10,000 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த, 2025-இல் இருந்த அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவை வைத்துப் பார்த்தால், ஏழரைப் பேருக்கான காசுகூட இல்லை. ஏழு நாள் சம்பளத்தில் ஒரு மாதம் வாழச் சொன்னால் அந்த முதலாளி வாழ்வாரா? தம்பிக்கு அந்தக் கொடுப்பனவு கிடைக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிடைக்காவிட்டால் கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், மருத்துவச் சான்று கேட்பார்கள். விண்ணப்பத்தைக் கொடுத்த திகதியை ஒரு கடுதாசியில் எழுதி, வாங்கியவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்காத விண்ணப்பம் தொலைந்துபோவதை நான் உள்ளே இருந்தே பார்த்தவன்.

கடை மறுத்ததற்கு வழக்கு வரை போவதா என்பது உங்கள் முடிவு. போவதென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். என் அனுபவத்தில் முதலாளிகளிடம் வழக்கைவிட ஒரு கடிதம் நன்றாக வேலை செய்யும். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, தகைமைகளை எழுதி, நேர்முகம் ஒன்று தரும்படி கேட்டு, தர முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு ஒரு பக்கக் கடிதம். பதிவுத் தபாலில். வாயால் "பாவம் தம்பி" என்று சொல்ல முடிகிற ஆளுக்கு அதையே காகிதத்தில் எழுத வராது.

அதற்கிடையில் அரசாங்க வேலைகளுக்கும் விண்ணப்பிக்கட்டும், அந்த 3 வீதத்தைக் குறிப்பிட்டே விண்ணப்பிக்கட்டும். அரசாங்க இடத்தில் அநியாயம் நடந்தால் மட்டும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் ஞாபகம் வையுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கெடுவில் சேராது. அவசரத் தொலைபேசி 1996, சட்டம் வந்த வருஷமும் அதே எண் என்பதால் மறக்காது. தமிழில் பேசலாம், தமிழில் எழுதலாம். உங்களுக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தால் திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள், அதுவும் உங்கள் உரிமைதான்.

ஏ.எல். மூன்றும் பாஸ் என்கிறீர்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தானா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அங்கவீனமுள்ள மாணவர்களுக்கு விசேட அனுமதி என்று ஒரு பகுதி இருக்கிறது. நம் பாடசாலைகளில் அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஆசிரியர்கள் குறைவு. அதேபோல பரீட்சையில் மேலதிக நேரமும், தேவையானால் எழுதித் தர ஆளும் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்டு வாங்கலாம். கை இழுக்கும் பையன் மற்றவர்களோடு சேர்ந்து அதே மூன்று மணித்தியாலத்தில் எழுதி மூன்று பாடம் பாஸ் பண்ணியிருந்தால், மேலதிக நேரத்தோடு எழுதியிருந்தால் என்ன பெறுபேறு வந்திருக்கும்? இன்னொரு தடவை எழுத வாய்ப்பு மிச்சம் இருந்தால் அதை யோசிக்கச் சொல்லுங்கள்.

2024 பொதுத் தேர்தலுக்குப் பிறகு தேசியப்பட்டியலில் சுகத் வசந்த டி சில்வா பாராளுமன்றம் போனார், பார்வையற்ற ஒருவர் அங்கே உறுப்பினரானது அதுதான் முதல் தடவை. பத்திரிகைகள் அவரைச் 'சாதனை' என்று எழுதின. எனக்கு அந்த வார்த்தை கொஞ்சம் கசக்கும். பாவம் இல்லையென்றால் சாதனை, நடுவில் சும்மா ஒரு ஆளாக இருக்க நமக்கு இடம் விடுவதில்லை. உங்கள் தம்பி சாதிக்கத் தேவையில்லை. பில் போட்டால் போதும், அதுவும் அவனுக்குப் பிடித்தால்.

கடைசியாக, உங்கள் கேள்வியை நாலு தடவை வாசித்தேன். முதலாளி என்ன சொன்னார் என்று இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று இருக்கிறது. நீங்கள் பட்ட வேதனை இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறான் என்று ஒரு வரி இல்லை. பேச்சு இழுக்கும் பிள்ளைகளின் வீட்டில் இது நடக்கும். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் அம்மா முடித்துவிடுவாள், அக்கா முடித்துவிடுவாள், அன்பால்தான். ஆகவே நான் சொன்ன அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அவனுக்கு அந்தக் கடை வேலைதான் வேண்டுமா, வேறு ஏதும் மனசில் வைத்திருக்கிறானா என்று இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருங்கள். கடிதத்தை அவனே டைப் பண்ணட்டும். பண்ணிய பிறகு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பிரிவு இலக்கங்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.